மாத்திரைகளின் பக்கவிளைவுப் பட்டியலில் கண் பற்றிய சொற்கள்: எதற்கு உடனே ஓட வேண்டும், எதற்கு வேண்டாம்?

கொள்ளிடக்கரை:

எல்லோருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 58 வயது, எடை 41 கிலோ. நுரையீரல் காசநோய்க்கு அரசு மருத்துவமனையில் சிகிச்சை, மூன்றாவது மாதம் நடக்கிறது. தினமும் மூன்று கூட்டு மாத்திரை. இருமல் நின்றுவிட்டது, சாப்பாடு இறங்குகிறது, அதில் எல்லாருக்கும் நிம்மதி.

மாத்திரை அட்டையோடு விளக்கத் தாள் எதுவும் வரவில்லை. தம்பி இணையத்தில் தேடி, அதிலுள்ள எத்தாம்பியூட்டால் என்ற மருந்துக்குக் கண் சம்பந்தமான பக்கவிளைவுகள் என்று ஒரு பட்டியல் அனுப்பினான். ஆப்டிக் நியூரைட்டிஸ், ஸ்கொடோமா, டிஸ்குரோமடாப்சியா, விஷுவல் ஃபீல்டு டிஃபெக்ட், பிளர்டு விஷன். இவை ஐந்து நோய்களா, ஒரே நோயின் ஐந்து பெயர்களா என்பதே புரியவில்லை.

கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. அம்மா வீட்டில் பூ கட்டுபவர். பத்து நாளாக, செவ்வரளி சாயம் போன மாதிரி தெரிகிறது என்கிறார். வலி இல்லை, கண் சிவக்கவும் இல்லை. வயதுக்குக் கண்ணாடி மாற்றினால் சரியாகிவிடும் என்று அவரே சொல்லிக்கொள்கிறார். மாத்திரையை நிறுத்தவும் பயம், தொடரவும் பயம்.

அப்பாவுக்கு வேறு ஒன்று. புராஸ்டேட் தொல்லைக்கு டாம்சுலோசின் சாப்பிடுகிறார், அடுத்த மாதம் கண்புரை அறுவை. அந்த மருந்தின் பட்டியலில் ஃப்ளாப்பி ஐரிஸ் என்று போட்டிருக்கிறது. அதையும் யாராவது விளக்க முடியுமா?

மாத்திரைப்பெட்டி:

நான் மருந்தாளுநர். அந்தச் சொற்களைப் பிறகு பார்க்கலாம், முதலில் அம்மாவைக் கவனியுங்கள். எத்தாம்பியூட்டால் சாப்பிடுபவருக்குச் சிவப்பு நிறம் வெளிறித் தெரிந்தால் அது கண்ணாடிக் கடைக்குப் போகிற விஷயம் இல்லை. நாளைக் காலை மாத்திரை போடுவதற்கு முன்னாலேயே சிகிச்சை கொடுக்கும் மையத்துக்குக் கூட்டிப்போங்கள். "நிறம் மாறித் தெரிகிறது" என்று அதே வார்த்தையில் சொல்லுங்கள். கண் மருத்துவரிடம் அன்றே அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.

எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்று நீங்களாக முடிவு செய்ய வேண்டாம். மூன்றாவது மாதத்தில் தரும் கூட்டு மாத்திரை ஒவ்வொன்றிலும் ஐசோனியாசிட் 75 மி.கி., ரிஃபாம்பிசின் 150 மி.கி., எத்தாம்பியூட்டால் 275 மி.கி. இருக்கும். வீட்டில் உட்கார்ந்து ஒன்றை மட்டும் பிரித்தெடுக்க வழியில்லை. மொத்தமாக நிறுத்திவிட்டுச் சும்மா இருந்தால் காசநோய் திரும்பும், மருந்துக்கு அடங்காத வகையாகவும் மாறலாம். மையத்தில் எத்தாம்பியூட்டாலை மட்டும் விலக்கி மற்றவற்றைத் தனித்தனியாகத் தர முடியும். உடனே போக முடியாவிட்டால் அரசின் காசநோய் உதவிக்கான நிக்‌ஷய் இலவச எண் 1800-11-6666.

போகும்போது இரண்டு விஷயம் தயாராக இருக்கட்டும்: இப்போதைய எடை, சிறுநீரகப் பரிசோதனை எப்போதாவது எடுத்திருந்தால் அந்தச் சீட்டு. இந்த மருந்தின் பெரும்பகுதி சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறுகிறது. அங்கே வேகம் குறைந்தால் அதே அளவு மாத்திரைகூட உடம்பில் கூடுதலாகத் தங்கும். மூன்று மாத்திரை என்றால் 825 மி.கி., 41 கிலோவுக்குக் கணக்குப் போட்டால் கிலோவுக்கு 20 மி.கி. வருகிறது. எடைப் பட்டியலின்படி சரியான அளவுதான், யாரும் தவறாகக் கொடுக்கவில்லை. சரியான அளவிலும் சிலருக்கு இது வருகிறது.

கண்ணாடிச்சட்டம்:

நான் கண் பரிசோதகராக வேலை பார்க்கிறேன். மாத்திரைப்பெட்டி சார் சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். நாளை போய் வாருங்கள். இப்போது அந்த ஐந்து சொற்கள்.

ஆப்டிக் நியூரைட்டிஸ் என்பதுதான் நோய். கண்ணிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டுபோகும் பார்வை நரம்பில் பாதிப்பு. சில தாள்களில் இதையே ஆப்டிக் நியூரோபதி என்று எழுதியிருப்பார்கள். மற்ற நான்கும் அந்த நோய் வெளியே தெரியும் விதங்கள். டிஸ்குரோமடாப்சியா என்றால் நிறம் பிரித்தறிவதில் கோளாறு, உங்கள் அம்மா சொல்கிற செவ்வரளி விஷயம். ஸ்கொடோமா என்றால் பார்வையில் ஒரு திட்டு மறைந்துபோவது. எத்தாம்பியூட்டாலில் பெரும்பாலும் நட்டநடுவே மறையும்: எதிரே நிற்பவரின் தோள் தெரியும், மூக்கும் கண்ணும் புகை மூடினாற்போல இருக்கும். விஷுவல் ஃபீல்டு டிஃபெக்ட் என்பது இப்படி மறையும் எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர், நடுவில் மறைந்தாலும் ஓரத்தில் மறைந்தாலும். பிளர்டு விஷன் வெறும் மங்கல். இந்தப் பட்டியலிலேயே எனக்குப் பிடிக்காத சொல் அதுதான். கண்ணில் வருகிற எல்லாக் கோளாறையும் அந்த ஒரு சொல்லுக்குள் போட்டு மூடிவிடலாம்.

ஒரு முக்கியமான விஷயம். இந்த நோயின் தொடக்கத்தில் டார்ச் அடித்துக் கண்ணின் உட்புறத்தைப் பார்த்தால் எல்லாம் சுத்தமாக இருக்கும். பாதிப்பு நரம்பின் பின்பக்கத்தில் இருப்பதால் அப்படி. அதனால் "உள்ளே பார்த்தோம், ஒன்றுமில்லை" என்பதோடு திரும்பி வந்துவிடாதீர்கள். ஒவ்வொரு கண்ணையும் தனியாக மூடி எழுத்துப் பலகை, நிறப்புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் இஷிஹாரா புத்தகம், பார்வைப் பரப்புச் சோதனை இவை மூன்றையும் கேளுங்கள். இஷிஹாரா புத்தகம் 1917 முதல் இருப்பது. பெரும்பாலான கண் பிரிவுகளில் இருக்கும், பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

பனங்கூடல்:

இடையில் ஒரு கேள்வி. என் அண்ணரும் காசநோய் மாத்திரை எடுக்கிறவர். அவருக்குக் கண்ணீர் செம்மஞ்சளாக வருகிறது, தலையணை உறையிலும் கறை. இதுவும் பயப்பட வேண்டியதோ?

மாத்திரைப்பெட்டி:

இல்லை. அது ரிஃபாம்பிசினின் நிறம். சிறுநீர், வியர்வை, கண்ணீர் மூன்றிலும் வரும், மருந்து முடிந்ததும் போய்விடும். அவர் காண்டாக்ட் லென்ஸ் போடுபவராக இருந்தால் மட்டும் சிகிச்சை முடியும்வரை கண்ணாடிக்கு மாறச் சொல்லுங்கள், லென்ஸில் ஏறிய கறை போகாது. கண்ணிலிருந்து வரும் நீரின் நிறம் மாறுவது வேறு, கண்ணுக்குத் தெரியும் பொருளின் நிறம் மாறுவது வேறு. இரண்டாவதுதான் ஆபத்து.

மருந்துக்கு அடங்காத காசநோய்க்கு லினெசோலிட் கொடுக்கும்போதும் பார்வை நரம்பு பாதிக்கப்படலாம். நாலு வாரத்துக்கு மேல் சாப்பிடுபவர்கள் இதே கவனத்தோடு இருக்க வேண்டும். கால் மரத்துப்போவதும் சேர்ந்து வந்தால் தள்ளிப்போட வேண்டாம்.

மருதாணிச்சிவப்பு:

எனக்கு லூபஸ், உடலின் எதிர்ப்பு சக்தி தன் உறுப்புகளையே தாக்கும் நோய். ஹைட்ராக்சிகுளோரோகுயின் ஏழாவது வருடமாகச் சாப்பிடுகிறேன். இதைத் தொடங்கியபோது தாளில் ரெட்டினோபதி, புல்ஸ் ஐ மாக்குலோபதி என்று படித்துவிட்டு மாத்திரையே வேண்டாம் என்று அழுதேன். எங்கள் மூட்டு நோய் மருத்துவர் பொறுமையாக உட்கார்ந்து சொன்னதை இங்கே எழுதுகிறேன், யாருக்காவது உதவும்.

ரெட்டினா என்பது விழித்திரை. மாக்குலா அதன் நடுப்பகுதி, படிக்கவும் முகம் பார்க்கவும் உதவும் இடம். இந்த மருந்து பல வருடங்களில் அங்கே மெல்லச் சேர்ந்து, நடுப்புள்ளியைச் சுற்றி வளையம்போல அரித்துவிடலாம். பார்க்க வில்வித்தைக் குறிப்பலகை மாதிரி இருப்பதால் அந்தப் பெயர். அந்த நிலைக்கு வந்தபின் மருந்தை நிறுத்தினாலும் போனது திரும்பாது. இவ்வளவும் உண்மைதான். ஆனால் உடல் எடையில் கிலோவுக்கு 5 மி.கி. என்ற அளவைத் தாண்டாமல் சாப்பிட்டால் முதல் ஐந்து வருடத்தில் இது வரும் வாய்ப்பு நூற்றில் ஒன்றுக்கும் குறைவு, பத்து வருடம்வரை நூற்றில் இரண்டுக்கும் குறைவு. இருபது வருடம் தாண்டினால்தான் இருபது சதவீதத்தை நெருங்குகிறது. 48 கிலோ உள்ளவருக்கு நாளுக்கு 240 மி.கி. மேல்வரம்பு. மெலிந்தவர்கள் தங்கள் எடைக்குக் கணக்கு சரியா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

தொடங்கிய முதல் வருடத்துக்குள் ஒரு அடிப்படைச் சோதனை. ஐந்து வருடத்துக்குப் பிறகு ஆண்டுதோறும் ஓசிடி என்ற விழித்திரை ஸ்கேனும் பார்வைப் பரப்புச் சோதனையும். சிறுநீரகக் கோளாறு இருந்தாலோ, மார்பகப் புற்றுநோய்க்கு டமாக்சிஃபென் சாப்பிட்டாலோ ஐந்து வருடம் காத்திருக்கக் கூடாது. நமக்குத் தெரியும் முன்பே ஸ்கேனில் தெரிந்துவிடும், அதுதான் இந்தச் சோதனையின் பலன். லூபஸில் இந்த மாத்திரை என் சிறுநீரகத்தைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. ஒரு சொல்லைப் பார்த்துப் பயந்து யாரும் விட்டுவிடாதீர்கள்.

கண்ணாடிச்சட்டம்:

அருமையாக எழுதினீர்கள் அக்கா. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். நம்மைப் போன்ற ஆசியர்களுக்குப் பாதிப்பு நடுவட்டத்துக்குச் சற்று வெளியே தொடங்குவது அதிகம் என்று கண்டிருக்கிறார்கள். பரப்புச் சோதனையில் நடுவிலுள்ள பத்து டிகிரி மட்டும் பார்த்தால் தவறிவிடும். அகலமான சோதனையும் சேர்த்துச் செய்தார்களா என்று கேளுங்கள்.

பெயர்களைப் பார்த்தவுடன் பயம் வருகிறவர்களுக்கு ஒரு எளிய வழி. சொல்லின் முன்பாதி இடத்தைச் சொல்லும், பின்பாதி என்ன ஆயிற்று என்பதைச் சொல்லும். கெரட்டோ என்றால் கருவிழி, ரெட்டினோ விழித்திரை, ஆப்டிக் பார்வை நரம்பு. ஐட்டிஸ் என்று முடிந்தால் அழற்சி. பதி என்று முடிந்தால் பாதிப்பு. ஆப்சியா என்று முடிந்தால் பார்க்கும் விதத்தில் மாற்றம்: சாந்தாப்சியா எல்லாம் மஞ்சளாகத் தெரிவது, சயனாப்சியா நீலமாகத் தெரிவது, ஃபோட்டாப்சியா இல்லாத ஒளி மின்னுவது. டிப்ளோப்பியா இரண்டிரண்டாகத் தெரிவது. ஃபோட்டோஃபோபியா வெளிச்சம் கூசுவது. நிக்டலோப்பியா நம் ஊர் மாலைக்கண்.

ஆனால் பெயரின் நீளத்துக்கும் ஆபத்துக்கும் சம்பந்தமில்லை. இதய மருந்து அமியோடரோன் சாப்பிடுபவர்களுக்குக் கெரட்டோபதி என்று எழுதியிருக்கும். நீண்ட காலம் சாப்பிடும் கிட்டத்தட்ட எல்லோருக்குமே கருவிழியில் சுழல் சுழலாகப் படிவு வரும். பார்வையைக் கெடுப்பது அரிது, விளக்கைச் சுற்றி வளையம் தெரிந்தால் அதிகம்.

ஆலமரத்தடி:

மஞ்சளாகத் தெரிவது என்றதும் கேட்கிறேன். பாட்டிக்கு 79 வயது. இதயத்துக்கு டிஜாக்சின், கால் வீக்கத்துக்கு நீர் மாத்திரை. நாலு நாளாக "விளக்கெல்லாம் மஞ்சள் பூசின மாதிரி" என்கிறார். சாப்பாடும் வேண்டாம் என்கிறார். கண்புரை என்று நினைத்திருந்தோம்.

மாத்திரைப்பெட்டி:

இன்றைக்கே மருத்துவமனை போங்கள் தம்பி. மஞ்சளாகத் தெரிவதும் பசி போவதும் சேர்ந்தால் டிஜாக்சின் ரத்தத்தில் அளவு மீறியிருக்கலாம். கோளாறு கண்ணில் தெரிந்தாலும் ஆபத்து இதயத் துடிப்புக்கு. நீர் மாத்திரை பொட்டாசியத்தைக் குறைக்கும், பொட்டாசியம் குறைந்தால் டிஜாக்சினின் நச்சு கூடும். டிஜாக்சின் அளவு, பொட்டாசியம், சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின், இசிஜி நான்கும் பார்க்கச் சொல்லுங்கள். அடுத்த வேளை டிஜாக்சினைக் கொடுக்கலாமா என்பதை அவர்களிடம் கேட்ட பிறகு முடிவு செய்யுங்கள்.

ஆலமரத்தடி:

கிளம்பிவிட்டோம். நன்றி சார்.

கொள்ளிடக்கரை:

இன்று போய்வந்தோம். மையத்தில் இருந்த அக்கா கேட்டவுடனே கண் பிரிவுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். முதலில் பார்த்தவர் உள்ளே எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார். நீங்கள் சொன்னபடி நிறப் புத்தகம் கேட்டேன். முதல் பக்கத்து எண்ணைச் சரியாகச் சொன்ன அம்மா, அடுத்த பக்கங்களில் பாதிக்கு மேல் தடுமாறினார். பெரிய மருத்துவர் வந்து பார்த்துவிட்டு, பார்வை நரம்பு பாதிப்பின் தொடக்கம் என்று எழுதி எத்தாம்பியூட்டாலை இன்றிலிருந்தே நிறுத்தச் சொன்னார். மையத்தில் மற்ற மருந்துகளைத் தனி மாத்திரைகளாகத் தந்தார்கள், பைரிடாக்சின் என்ற பி6 வைட்டமினும் சேர்த்து. பார்வைப் பரப்புச் சோதனை வியாழக்கிழமை. சிறுநீரகத்துக்கு ரத்தம் எடுத்திருக்கிறார்கள்.

பார்வை திரும்புமா என்று கேட்டதற்கு, சீக்கிரம் கண்டுபிடித்ததால் பெரும்பாலும் திரும்பும், வாரக்கணக்கில் இல்லை மாதக்கணக்கில் ஆகலாம், சிலருக்கு முழுசாகத் திரும்பாது என்றும் மறைக்காமல் சொன்னார். வீட்டில் தினமும் எப்படிச் சோதிப்பது?

கண்ணாடிச்சட்டம்:

நல்லவேளை போனீர்கள். வீட்டில் செய்ய வேண்டியது: பகல் வெளிச்சத்தில், படிக்கும் கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒரே நாட்காட்டித் தாளின் ஒரே வரியை, ஒரே தூரத்தில். வலது கண்ணை மூடி ஒருமுறை, இடதை மூடி ஒருமுறை. அம்மா படிக்காதவர் என்றால் ஊசியில் நூல் கோர்க்கச் சொல்லலாம்.

நிறத்துக்கு ஒரு சிவப்பு மூடி போதும். ஆனால் இங்கே பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. ஒரு கண்ணையும் மறு கண்ணையும் ஒப்பிடும் முறை ஒரு கண்ணில் மட்டும் வரும் நரம்பு நோய்க்குப் பொருந்தும். எத்தாம்பியூட்டால் வழக்கமாக இரண்டு கண்ணையும் சேர்த்தே பாதிக்கும், இரண்டிலும் ஒரே அளவு வெளிறினால் அம்மாவுக்கு வித்தியாசம் தெரியாது. பக்கத்தில் நீங்களும் உட்கார்ந்து, "எனக்கு ரத்தச் சிவப்பாகத் தெரிகிறது, உங்களுக்கு?" என்று கேளுங்கள். முடிந்தால் போன வாரம் எப்படி இருந்தது என்று ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். இதெல்லாம் மருத்துவர் சோதனைக்குப் பதில் அல்ல. மோசமானால் சீக்கிரம் தெரிந்துகொள்ளத்தான்.

அப்பா விஷயம்: டாம்சுலோசின் கண்மணியைச் சுற்றியுள்ள ஐரிஸ் தசையைத் தளர்த்திவிடும். சாதாரணமாக வாழும்போது எந்தத் தொல்லையும் இல்லை. கண்புரை அறுவையின்போது மட்டும் அது துவண்டு அலைபாயும், கண்மணி சுருங்கும். 2005-இல்தான் இதைக் கண்டு எழுதினார்கள். முன்கூட்டியே தெரிந்தால் அறுவை மருத்துவர் அதற்கான சிறு கொக்கிகளோ வளையமோ தயாராக வைத்துக்கொள்வார். ஒரு வாரம் முன்னால் மாத்திரையை நிறுத்தினால் போதும் என்று சிலர் சொல்வார்கள், நிறுத்தினாலும் பாதிப்பு இருக்கலாம். நிறுத்த வேண்டாம், சொன்னால் போதும். எப்போதோ சாப்பிட்டு விட்டிருந்தாலும் சொல்ல வேண்டும்.

தாமிரபரணித்தண்ணீர்:

ஒற்றைத் தலைவலிக்கு டோபிராமேட் தொடங்கிய இரண்டாவது வாரம் என் மனைவிக்கு ஒரே ராத்திரியில் தூரத்தில் இருப்பது எதுவும் தெரியவில்லை, இரண்டு கண்ணிலும் வலி. தாளில் அக்யூட் மயோப்பியா, ஆங்கிள் குளோஷர் கிளாக்கோமா என்று இருந்தது, அதாவது திடீர்க் கிட்டப்பார்வை, கண்ணுக்குள் திரவம் வெளியேறும் வழி அடைத்து அழுத்தம் ஏறும் நோய். அவசரப் பிரிவுக்குப் போனோம். மருந்தை நிறுத்தி, அழுத்தம் குறையச் சொட்டு மருந்து போட்டார்கள், சில நாளில் சரியானது. கண்ணுக்குள் திரவம் கோர்த்து லென்ஸை முன்னுக்குத் தள்ளுவதால் வருகிறதாம், பெரும்பாலும் முதல் மாதத்துக்குள். புதிதாகத் தொடங்குகிறவர்கள் திடீர்க் கிட்டப்பார்வை என்றால் கண்ணாடிக் கடைக்குப் போகாதீர்கள்.

மல்லிப்பந்தல்:

தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். பக்கத்து வீட்டுப் பையனுக்கு ஒவ்வாமையால் கண் அரிப்பு. ஒருமுறை எழுதிக் கொடுத்த ஸ்டீராய்டு சொட்டு மருந்தை, அரிக்கும்போதெல்லாம் கடையில் வாங்கி இரண்டு வருடம் விட்டிருக்கிறார்கள். விட்டால் உடனே குளிர்ச்சியாக இருக்கும், சிவப்பு போகும். இப்போது பத்து வயதில் அவனுக்குக் கிளாக்கோமா, ஓரப்பார்வை போய்விட்டது. தாளில் இன்ட்ரா ஆக்குலர் பிரஷர் இன்கிரீஸ்டு என்று ஒற்றை வரி. யாருக்கும் அது என்னவென்று தெரியவில்லை.

மாத்திரைப்பெட்டி:

இதைப் படிக்கும்போது நெஞ்சு கனக்கிறது. அந்த வரியின் பொருள்: கண்ணுக்குள் திரவ அழுத்தம் கூடும். ரத்த அழுத்தம் வேறு, இது வேறு. கூடினால் வலிக்காது, மங்கலாகவும் தெரியாது, பார்வை நரம்பு ஓரத்திலிருந்து அழிந்துகொண்டே வரும். எல்லோருக்கும் ஏறாது, ஏறுகிறவர்களுக்குச் சில வாரத்திலேயே ஏறலாம், குழந்தைகளில் இன்னும் வேகமாக. சொட்டு மருந்துப் பெயரில் டெக்சாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரெட்னிசோலோன் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு. நுண்ணுயிர்க்கொல்லியோடு கலந்தும் வரும், அப்போது முன்பெயரை மட்டும் பார்த்தால் தெரியாது, கீழே சிறிய எழுத்தில் இருக்கும். மருத்துவர் சீட்டில்லாமல் கடைக்காரர் கொடுக்கவே கூடாத மருந்து இது. என் தொழிலில் இருப்பவர்கள் இதில் ஒரு குழந்தையின் கண்ணை யோசிக்க வேண்டும்.

மாத்திரையாக நீண்டநாள் பிரெட்னிசோலோன் சாப்பிடுபவர்களுக்கு இதோடு லென்ஸின் பின்புறத்தில் புரையும் வரலாம். எதிரே வரும் வண்டி விளக்கு கண்ணைக் குத்துவது அதன் தொடக்கம். ஆனால் ஸ்டீராய்டு மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. கண் அழுத்தம் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள், நிறுத்தாதீர்கள்.

பனங்கூடல்:

மிகவும் பொதுவானது, அரிதானது என்றெல்லாம் தாளில் போடுகிறார்களே, அதற்குக் கணக்கு உண்டா?

மாத்திரைப்பெட்டி:

உண்டு. மிகப் பொதுவானது என்றால் பத்தில் ஒருவருக்கோ அதற்கு மேலோ. பொதுவானது நூற்றில் ஒன்று முதல் பத்துவரை. அரிதானது பத்தாயிரத்தில் ஒன்று முதல் பத்துவரை. மிக அரிதானது அதற்கும் கீழே. பொதுவானதற்கும் அரிதானதற்கும் இடையில் அவ்வப்போது என்று ஒரு படி இருக்கும்.

இது எத்தனை பேருக்கு வரும் என்று மட்டும் சொல்கிறது, எவ்வளவு மோசம் என்று சொல்வதில்லை. இதயத் துடிப்பைக் குறைக்கும் இவாபிரடினில் ஃபாஸ்ஃபீன்ஸ் என்று மிகப் பொதுவான வரிசையில் இருக்கும். வெளிச்சம் சட்டென்று மாறும்போது ஒரு பகுதி பளீரென்று தெரியும், பெரும்பாலும் தானே போய்விடும். ராத்திரி வண்டி ஓட்டுபவர்கள் மட்டும் கவனமாக இருந்தால் போதும். சில்டெனாஃபில் சாப்பிட்டபின் நீலம் படர்ந்து தெரிந்தால் சில மணி நேரத்தில் மறையும். அதே மருந்தின் பட்டியலில் மிகக் கீழே, ஒரு கண் பார்வை திடீரென்று போவது என்று இருக்கும். அது வந்தால் அடுத்த மாத்திரை கூடாது, அந்த மணி நேரத்திலேயே மருத்துவமனை.

குறிஞ்சிமேடு:

இன்சுலின் தொடங்கி இரண்டு வாரம். சர்க்கரை நன்றாக இறங்கியிருக்கிறது, ஆனால் பத்திரிகை படிக்க முடியவில்லை. கண்ணாடி மாற்றலாமா?

கண்ணாடிச்சட்டம்:

இப்போது மாற்ற வேண்டாம் ஐயா. வெகுநாள் உயர்ந்திருந்த சர்க்கரை வேகமாக இறங்கும்போது லென்ஸின் நீர்ச்சத்து மாறி, பவரும் மாறும். சர்க்கரை நிலைப்பட்ட பிறகு, ஒன்றரை இரண்டு மாதம் கழித்து அளவெடுத்தால் பணம் வீணாகாது. அட்டையில் குண்டூசியால் ஒரு துளை போட்டு அதன் வழியே எழுத்தைப் பாருங்கள். தெளிவாகத் தெரிந்தால் பெரும்பாலும் பவர் கோளாறு. அப்போதும் தெளியாவிட்டால் விழித்திரையைப் பார்க்க வேண்டும், தள்ளிப்போடாதீர்கள். எப்படியும் சர்க்கரைக்காக வருடம் ஒருமுறை விழித்திரைப் பரிசோதனை உங்களுக்கு உண்டு, செய்யாவிட்டால் அதைச் செய்துவிடுங்கள்.

ஆலமரத்தடி:

பாட்டிக்கு டிஜாக்சின் அளவு கூடுதல், பொட்டாசியம் குறைவு என்று வந்தது. உள்நோயாளியாக வைத்திருக்கிறார்கள், மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். மஞ்சள் குறைகிறது என்கிறார். இப்படி நடந்ததை எங்கேயாவது பதிவு செய்ய முடியுமா? இன்னொரு வீட்டில் கண்புரை என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

மாத்திரைப்பெட்டி:

முடியும், செய்யவும் வேண்டும். 2010-இல் தொடங்கிய இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டம் காசியாபாத்திலிருந்து நடக்கிறது. மருத்துவர்தான் எழுத வேண்டும் என்றில்லை, நோயாளியோ வீட்டாரோ எழுதலாம், தமிழிலும் படிவம் உண்டு. இலவச எண் 1800-180-3024, வேலை நாட்களில் எடுப்பார்கள். பல அரசு மருத்துவக் கல்லூரிகளில் இதற்கென்று ஒரு மையம் இருக்கும், பெரும்பாலும் மருந்தியல் துறையில்.

எழுதும்போது அட்டையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: மருந்தின் பெயர், தயாரிப்பு எண், எந்தத் தேதியில் தொடங்கினார், எந்தத் தேதியில் கண் மாறியது, கூடச் சாப்பிட்ட மற்ற மாத்திரைகள், நிறுத்தியபின் என்ன ஆயிற்று. பக்கவிளைவின் மருத்துவப் பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை. "விளக்கெல்லாம் மஞ்சள் பூசின மாதிரி" என்று பாட்டி சொன்னதை அப்படியே எழுதுங்கள். கொள்ளிடக்கரை, நீங்களும் அம்மாவுக்காக ஒன்று அனுப்பிவிடுங்கள், வியாழக்கிழமைச் சோதனை முடிவையும் சேர்த்து.